முடியாது என்று சொல்லத் தெரிந்த தளம்

ஒரு செயலியையும் அது ஓட வேண்டியதையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தனியே ஓட்டுவதுதான் கன்டெய்னர். அதைப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு, கன்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்கிற, ரெட் ஹேட் நிறுவனத்தின் தளமான ஓப்பன்ஷிஃப்டை முதல் நாளே திறந்து காட்டிவிடுவேன். முதலில் ஒரே மெஷினில் கன்டெய்னர் ஓட்டுகிற டாக்கர், அப்புறம் பல மெஷின்களில் அவற்றை நிர்வகிக்கிற குபெர்னட்டீஸ், அதில் தேறினவர்களுக்கு அதன் மேல் கட்டின ஓப்பன்ஷிஃப்ட் என்பதுதான் எல்லாரும் போகிற வழி. "எடுத்தவுடனே இவ்ளோ பெரிய சாமானைக் காட்னா பசங்க பயந்துடுவாங்கபா" என்று கூட வேலை பார்க்கிற நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாரும் பயந்து ஓடவில்லை. என் காரணம் இதுதான்: டாக்கரில் ஆறு மாசம் பழகின கைக்கு, எதை ஓட்டினாலும் ரூட்டாகவே, அதாவது மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள பயனராகவே, ஓட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

என் பிழைப்பே இந்தத் தளம்தான். விடிகாலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய் வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனங்களின் கிளஸ்டர்களை, அதாவது சேர்ந்து இயங்கும் மெஷின் கூட்டங்களை, பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மாடியறையில் சில பிள்ளைகள் கூடுவார்கள். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். சிலர் கல்லூரியில் கடைசி வருஷம், சிலர் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். காசு வாங்குவதில்லை. இந்த வேலைக்கு நல்ல ஆட்கள் நம் ஊரிலிருந்து வரவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். குடியாத்தத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி, டாக்கர் ஹப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் வழக்கமான இமேஜை (கன்டெய்னராக ஓட்டத் தயாராகக் கட்டின பொதியை) இழுத்து எங்கள் கிளஸ்டரில் ஏற்றினாள். பாட் (தளத்தில் கன்டெய்னர் ஓடுகிற கூடு) எழுந்தது, செத்தது, மறுபடி எழுந்தது, மறுபடி செத்தது. திரையில் கிராஷ்-லூப்-பேக்-ஆஃப் என்று வந்துவிட்டது. செத்ததைத் தளம் முதலில் 10 நொடி காத்திருந்து எழுப்பும், பிறகு 20, பிறகு 40 என்று இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை போகும். அந்த இடைவெளி நீள நீள அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுச்சுண்ணா, இங்க இன்னா ஆச்சு?"

"லாக்கைப் படிம்மா. சத்தமா படி."

படித்தாள். வார் என்ற அடைவுக்கு, அதாவது டைரக்டரிக்கு, கீழே கேஷ், அதற்குள் என்ஜின்எக்ஸ், அதற்குள் ஒரு தற்காலிக அடைவை உருவாக்கப் போய்த் தோற்றிருக்கிறது. காரணம் 13, பெர்மிஷன் டினைட். வேலை எதுவும் செய்யாமல் சும்மா தூங்குகிற இன்னொரு பாட்-ஐ ஏற்றி அதற்குள் போய் 'ஐடி' கமாண்ட் அடிக்கச் சொன்னேன். யூஐடி, அதாவது பயனர் எண், 1000650000 என்று வந்தது. குழு எண் மட்டும் 0.

"இவ்ளோ பெரிய நம்பரா? யாருண்ணா இது?"

யாரும் இல்லை. அதுதான் விஷயம். ஓப்பன்ஷிஃப்டில் ஒரு புராஜெக்டை உருவாக்கும்போதே அதற்கென்று யூஐடி எண்களில் ஒரு வரிசையை ஒதுக்கிவிடுகிறது. இமேஜ் எழுதினவர் ரூட்டாக ஓடவேண்டும் என்று எழுதியிருந்தாலும் தளம் அதைக் கேட்பதில்லை. ஒதுக்கின வரிசையிலிருந்து ஒரு எண்ணைக் கொடுத்து அந்த எண்ணில்தான் ஓட்டும். அந்த எண்ணுக்கு லினக்ஸில் பெயர் கிடையாது, வீட்டு அடைவு கிடையாது, தனி உரிமை எதுவும் கிடையாது. கன்டெய்னரை உடைத்துக்கொண்டு ஒருவன் வெளியே வந்தாலும் அந்த மெஷினில் அவன் யாருமே இல்லாத ஆள்.

சரிசெய்வது கடினமில்லை. செயலி எழுதவேண்டிய அடைவுகளின் குழுவை 0 ஆக்கி, உரிமையாளருக்கு உள்ள அனுமதியையே குழுவுக்கும் கொடுத்துவிட வேண்டும். போர்ட்டை 80-லிருந்து 8080-க்கு மாற்ற வேண்டும். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க லினக்ஸ் வழக்கமாகக் கூடுதல் உரிமை கேட்கும். இமேஜைப் புதிதாகக் கட்டி ஏற்றினாள், பாட் நின்றது. அன்றைக்கு அவள் கற்றது லினக்ஸின் கோப்பு அனுமதி. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து மறந்தது, இங்கே ஒரு பாட் சாகிறதா பிழைக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது என்று கண்ணெதிரே பார்த்தாள்.

இப்படி மறுக்கிற குணம் ஓப்பன்ஷிஃப்டுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அதன் வரலாறே விரிகிறது.

2010 நவம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் மகாரா என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. அதிலிருந்து தொடங்கி, 2011 மே மாதம் ஓப்பன்ஷிஃப்டை அறிவித்தார்கள். டாக்கர் உலகத்துக்குத் தெரிய வந்தது 2013 மார்ச்சில்; ஆக, டாக்கருக்கு முந்தின பிறவி இது. அப்போது கன்டெய்னருக்கு அங்கே கியர் என்று பெயர். பிஎச்பி, ரூபி, மைஎஸ்கியூஎல் போன்றவற்றைக் கார்ட்ரிட்ஜ் என்ற பெயரில் அந்த கியருக்குள் செருகுவார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் கணக்கு திறந்து தன் கோடை, அதாவது தான் எழுதின நிரலை, ஏற்றலாம்.

இங்கேதான் சிக்கல். முகம் தெரியாத ஒருவர் எழுதின கோடு, இன்னொருவருடைய கோடு ஓடும் அதே மெஷினில், அதே கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) மேல் ஓடியாக வேண்டும். வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் இருக்கிற லாட்ஜுகளைப் பார்த்திருப்பீர்கள். கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பமும் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பமும் பக்கத்துப் பக்கத்து அறையில் மாசக்கணக்கில் தங்கும். ஒருவரை ஒருவர் அறியார். லாட்ஜ்காரர் யாரையும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் அவரவர் சாவி அவரவர் அறையை மட்டும்தான் திறக்கும். ஓப்பன்ஷிஃப்ட் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் வளர்ந்தது. கூகிள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கி, 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-ல் சேர்ந்த சி-குரூப்ஸ், ஒவ்வொரு கியருக்கும் இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியு என்று எல்லை போட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்த எஸ்இ-லினக்ஸ், ஒவ்வொரு கியருக்கும் தனி முத்திரை குத்தி, ஒன்றின் கோப்பை இன்னொன்று தொடாமல் பார்த்துக்கொண்டது.

பிறகு 2014 ஜூனில் கூகிள் குபெர்னட்டீஸை வெளியிட்டது. தன் டேட்டா சென்டர்களில் போர்க் என்ற உள் அமைப்பைப் பல வருஷம் ஓட்டின அனுபவத்தைத் திரட்டிச் செய்தது அது. ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களில் எது எந்த மெஷினில் ஓடுவது, செத்தால் யார் எழுப்புவது, கூட்டம் கூடினால் எத்தனை நகல் எடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடை வைத்திருந்தது: நமக்கு என்ன நிலை வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால், இருக்கிற நிலையை அந்த நிலைக்குக் கொண்டுவர அது இடைவிடாமல் உழைக்கும்.

ரெட் ஹேட் அப்போது எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. நான்கு வருஷம் பாடுபட்டு எழுதின கியர், கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு நிறுவனம் அப்போதுதான் வெளியிட்ட, இன்னும் முழுதாகப் பழுக்காத ஒன்றின் மேல் தன் தளத்தை முழுக்கத் திரும்பக் கட்டினார்கள். ஓப்பன்ஷிஃப்ட் 3, 2015 ஜூனில் வந்தது. குபெர்னட்டீஸ் 1.0 வந்ததே அதற்குப் பிறகு, ஜூலை 21-ம் தேதிதான். பழைய பதிப்பில் இருந்தவர்கள் தங்கள் செயலிகளைப் புதிய தளத்துக்கென்று மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. நோகாமல் நடந்த மாற்றம் இல்லை. ஆனாலும் சரியான முடிவு. அன்றைக்குத் தன்னுடையதே போதும் என்று பிடிவாதம் பிடித்த தளங்கள் பலவற்றின் பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

எழுதின கோடை விட்டார்கள். அதை எழுதியபோது கிடைத்த பாடத்தை விடவில்லை. யாருடைய கோடையும் நம்பி ரூட் கொடுக்காதே என்ற பாடம் பாட்-க்கு எந்த உரிமை உண்டு என்று வகுக்கிற விதியாக, செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் கன்ஸ்ட்ரெயின்ட், சுருக்கமாக எஸ்சிசி என்ற பெயரில் புதிய தளத்துக்குள் வந்தது. யார் எதைச் செய்யலாம் என்று வகுக்கிற ஆர்பேக் முறையும் ஓப்பன்ஷிஃப்டில் முதலில் வளர்ந்து, பிறகு குபெர்னட்டீஸுக்குள் போய், அங்கே 2017-ல் 1.8 பதிப்பில் நிலைபெற்றது. வெளியிலிருந்து வருகிற கோரிக்கையை உரிய செயலிக்கு அனுப்புகிற, ஓப்பன்ஷிஃப்டின் ரூட்ஸ் என்ற வசதி குபெர்னட்டீஸின் இன்க்ரெஸுக்கு முன்னோடி. குபெர்னட்டீஸ் என்றால் கூகிள் மட்டும்தான் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்வேன்.

இந்தக் கண்டிப்புக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2019 பிப்ரவரியைக் காட்டுவேன். ரன்-சி என்ற, கிட்டத்தட்ட எல்லாக் கன்டெய்னர்களையும் கிளப்பிவிடுகிற சின்ன நிரலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கன்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கிற ஒருவன், வெளியே மெஷினில் இருக்கும் ரன்-சி கோப்பையே திருத்தி எழுதி, மெஷின் முழுவதையும் கைப்பற்றிவிட முடியும். சிவிஇ-2019-5736 என்பது அதன் எண். உலகம் முழுக்க ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்ச் போட்டார்கள். எஸ்இ-லினக்ஸ் அமலில் இருந்த ரெட் ஹேட் மெஷின்களில் அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது. கன்டெய்னர் ரூட்டாக ஓடவில்லை என்றால் அந்த வழியே அடைபட்டது. பேட்ச் நாங்களும்தான் போட்டோம். ஆனால் நிதானமாகப் போட்டோம்.

வெளியிலிருந்து வருகிற நெருக்கடிதான் பெரிய தலைவலி. வாடிக்கையாளர் ஒருவருக்குச் சாஃப்ட்வேர் விற்ற நிறுவனம், நிறுவும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எல்லா அதிகாரமும் உள்ள எஸ்சிசியைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்றார்கள். எந்தக் கோப்புக்காக, எந்தப் போர்ட்டுக்காக என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், ஒரே ஒரு லாக் அடைவில் எழுத முடியாததுதான் மொத்தப் பிரச்சினை என்று வெளியே வந்தது. எழுதுவதற்கென்று ஒரு வால்யூமை (தனிச் சேமிப்பிடத்தை) மாட்டிவிட்டதும் ரூட் இல்லாமலே ஓடியது. ஓர் அடைவுக்காக மெஷினின் சாவிக்கொத்தையே கேட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் தளமே மறுப்பது எனக்கு எவ்வளவு பலம் என்று சொல்லி மாளாது. நான் மட்டும் மறுத்திருந்தால், வளைந்து கொடுக்காத ஆள் என்று என் மேலதிகாரியிடம் போயிருப்பார்கள்.

ஓப்பன்ஷிஃப்ட் 4 இந்தக் குணத்தை மெஷின் வரைக்கும் கொண்டுபோனது. 2018 ஜனவரியில் ரெட் ஹேட் 25 கோடி டாலருக்குக் கோர்-ஓஎஸ் நிறுவனத்தை வாங்கியது. கிளஸ்டரின் நினைவாக இருக்கிற எட்சிடி டேட்டாபேஸ் அவர்கள் எழுதியது. ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது, எப்படிப் பராமரிப்பது என்கிற அனுபவ அறிவையே கோடாக எழுதிவைக்கிற ஆப்பரேட்டர் முறையையும் 2016-ல் அவர்கள்தான் முன்வைத்தார்கள். 2019-ல் வந்த 4-ம் தலைமுறையில் கிளஸ்டரின் ஒவ்வொரு பாகத்தையும் ஓர் ஆப்பரேட்டர் பார்த்துக்கொள்கிறது. (அதே வருஷம் ஜூலையில் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட்டையே வாங்கிக்கொண்டது வேறு கதை.)

மெஷினுக்குள் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்து ஒரு கோப்பைத் திருத்திப் பாருங்கள். அது மெஷின் கான்ஃபிக் ஆப்பரேட்டர் பார்த்துக்கொள்கிற கோப்பாக இருந்தால், இந்த மெஷின் எழுதிவைத்தபடி இல்லை என்று கண்டுபிடித்து டிகிரேடட் என்று குறி போட்டுவிடும். மெஷின் ஓடும், வேலை நிற்காது. ஆனால் அடுத்த அப்டேட் அதில் ஏறாது. பழைய அட்மின்களுக்கு இது கோபத்தை வரவழைக்கிறது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இருபது வருஷம் கையால் திருத்தியே கம்பெனிகளைக் காப்பாற்றினவர்கள். ஆனால் அந்தத் திருத்தம் எல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனால், அடுத்து வருகிறவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

கரண்ட் கட்டான கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் நடக்கும். மே மாசம் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போகிற வெயில். பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கிளஸ்டரைப் புதிதாக நிறுவினார்கள். சாயங்காலம் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தீர்ந்தது. அடுத்த சனிக்கிழமைதான் திரும்ப ஆன் செய்தோம். மெஷின்கள் எல்லாம் ஓடுகின்றன, ஆனால் எல்லா நோடும் (கிளஸ்டரில் சேர்ந்த மெஷினும்) நாட்-ரெடி. ஆற்காட்டுப் பையன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்றான். பொறு தம்பி என்றேன்.

நோடுகள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ள, நிறுவின கையோடு வருகிற சான்றிதழ்களுக்கு ஆயுள் 24 மணி நேரம்தான். அதற்குள் அவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கிளஸ்டர் அணைந்து கிடந்தால் சான்றிதழ் காலாவதியாகிவிடும். திரும்ப எழுந்த நோடு, நான்தான் அந்தப் பழைய நோடு, எனக்குப் புதுச் சான்றிதழ் கொடு என்று விண்ணப்பிக்கும். கிளஸ்டர் அதை அப்படியே நம்பிவிடாது. மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை விண்ணப்பம் பெண்டிங்கில் நிற்கும். பட்டியலை எடுத்து, பெயர்களைச் சரிபார்த்து, ஒவ்வொன்றாக அப்ரூவ் செய்யச் சொன்னேன். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாவது சுற்று விண்ணப்பங்கள் வந்தன, அவற்றையும் ஒப்புக்கொண்டோம். நோடுகள் ஒவ்வொன்றாக ரெடி ஆயின. கரண்ட் கட் இல்லாத ஊரில் படித்திருந்தால் இந்தப் பாடம் கிடைத்தே இருக்காது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. இது எல்லாருக்கும் தேவைப்படுகிற பொருள் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பில்லிங்கும் ஸ்டாக்கும் இரண்டு சர்வரில் ஓடும். அவர்களில் ஒருவர், நாங்களும் ஓப்பன்ஷிஃப்டுக்கு மாறட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். முறையாக நிறுவினால் கிளஸ்டரை நிர்வகிக்கிற கன்ட்ரோல் பிளேனுக்கு மட்டுமே மூன்று மெஷின் வேண்டும். எட்சிடி ஒரு முடிவை எழுத மூன்றில் இரண்டாவது உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்குமேல் சந்தா, அதைப் பார்த்துக்கொள்ள ஆள். அவருக்கு, ஒரே மெஷினில் கன்டெய்னர் ஓட்டுகிற பாட்மேன் என்ற கருவி போதும். அதில் ரூட் இல்லாமலே கன்டெய்னர் ஓட்டலாம். மெஷின் எழுந்ததும் தானாக எழுப்பிவிடும் வேலையை லினக்ஸின் சிஸ்டம்-டி பார்த்துக்கொள்ளும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு மெஷின்தான் பெரிய தடை. ஒற்றை நோடு ஓப்பன்ஷிஃப்டுக்கே 8 வி-சிபியு, 16 ஜிபி மெமரி, 120 ஜிபி டிஸ்க் கேட்கிறது. பெரும்பாலானவர்கள் வீட்டில் இருப்பது 8 ஜிபி லேப்டாப். நாங்கள் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்களைச் செகண்ட்ஸில் வாங்கி மெமரி கூட்டி வைத்திருக்கிறோம். அதுவும் முடியாதவர்களுக்கு ஓப்பன்ஷிஃப்டின் சின்ன வடிவமான மைக்ரோஷிஃப்டைச் சொல்வேன். 2 சிபியு, 2 ஜிபி மெமரி இருந்தாலே எழுந்துவிடும், எஸ்சிசியும் ரூட்ஸும் அதிலும் உண்டு. முழுத் தளத்தின் கண்டிப்பைச் சின்ன மெஷினிலேயே பழகிக்கொள்ளலாம். சந்தா இல்லாமல் முழுத் தளத்தையும் பார்க்க நினைப்பவர்களுக்கு அதன் சமூகப் பதிப்பான ஓகேடி இருக்கிறது.

இப்போது மாடியறையில் சூடாக ஓடுகிற விவாதம் யூசர் நேம்ஸ்பேஸ் பற்றியது. கன்டெய்னருக்குள் 0 என்று தெரிகிற ரூட், வெளியே மெஷினில் யாருமில்லாத ஒரு பெரிய எண்ணாக மாறிவிடும். லினக்ஸில் ரொம்ப நாளாக இருக்கிற வசதி, குபெர்னட்டீஸில் 2024-ல் 1.30 பதிப்பில் பீட்டாவாகி, 2025-ல் 1.33-லிருந்து தானாகவே திறந்திருக்கிறது. அப்படியானால் உள்ளே ரூட்டாகவே ஓடட்டுமே, இனி எதற்கு இந்த எஸ்சிசி என்று ஆற்காட்டுப் பையன் கேட்கிறான். நல்ல கேள்வி. வெளியே தப்பி வருகிறவனை நேம்ஸ்பேஸ் தடுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே புகுந்தவன் ரூட்டாக இருந்தால், அந்த இமேஜுக்குள் இருக்கும் எந்த நிரலையும் மாற்றி எழுதி, அதன் வழியாக வருகிற வாடிக்கையாளர் தரவை உட்கார்ந்த இடத்திலிருந்தே படிப்பானே, அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே போடலாமே என்கிறாள் குடியாத்தத்துப் பெண். நானும் அந்தக் கட்சிதான். வருகிற சனிக்கிழமை இரண்டு பாட்களை அருகருகே ஓட்டி, ஒன்றில் நேம்ஸ்பேஸ் மட்டும், இன்னொன்றில் இரண்டும் வைத்து, உள்ளிருந்து எவ்வளவு சேதம் செய்ய முடிகிறது என்று பையனையே தாக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.